தங்கைக்குக் கொடுக்காத கடிதம்

ஷர்மினி ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் கத்தமாட்டாள், ஸ்டியரிங்கைப் பிடுங்கமாட்டாள் என்று பெயர் எடுத்திருந்ததால் பெண்கள்தான் அதிகமும் அவளைத் தேடி வந்தார்கள். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. திருமணமாகி மூன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த வருடம் பிப்ரவரி மாதத்திலிருந்து காருக்குள் ஏர்கான் முழுக்க வைத்திருந்தும் அவளுக்கு வியர்த்தது. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். பக்கத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்த குல்ஜார் பேகம்தான் முதலில் அதைக் கவனித்தார். ஐம்பத்து நாலு வயதுக்காரர். கணவர் ஹுசைனுக்குக் கண் மங்கிப்போனதால் சாப்பாட்டுக் கடைக்குச் சாமான் வாங்கத் தானே வண்டி ஓட்ட வேண்டும் என்று வந்தவர்.

"நான் குளிருல நடுங்குறேன், உனக்கு வேர்த்து ஊத்துதேம்மா" என்றார், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியபடி.

"வெயில்தானே, ஆன்ட்டி."

"வெயில் இல்லலா இது. எனக்கு அம்பத்தொன்னுல இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. மாசா மாசம் ஒழுங்கா வருதா உனக்கு?"

"வருது" என்றாள் ஷர்மினி. பச்சை விழுந்துவிட்டதால் பேச்சு அத்தோடு நின்றது.

அவள் சொன்னது பொய். நான்கு மாதமாக வரவில்லை. முதல் மாதம் தப்பியபோது மருந்துக்கடையில் சோதனைக் குச்சி வாங்கி வந்து, கணவன் தர்மாவிடம் சொல்லாமல் குளியலறையில் வைத்துப் பார்த்தாள். ஒரே கோடு. இரண்டாம் மாதமும் ஒரே கோடு. மூன்றாம் மாதம் அவள் குச்சி வாங்கவில்லை. வேலை அலைச்சல், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். குல்ஜார் பேகம் கேட்ட கேள்வி அவளை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண்கள் மருத்துவரிடம் போனாள்.

அந்தச் சீன டாக்டர் பொறுமையானவர். இரத்தம் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இரண்டாம் முடிவு வந்த அன்று டாக்டர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, ஒரு வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். ஏ.எம்.எச். என்று போட்டிருந்தது. கருப்பையில் இன்னும் எவ்வளவு முட்டை மிச்சம் இருக்கிறது என்று சுமாராகச் சொல்லும் ஹார்மோன் அது என்று விளக்கினார். கருப்பை இல்லை, முட்டைப்பை என்று உடனே தன்னைத் திருத்திக்கொண்டார். அவருடைய மலாயும் ஷர்மினியுடைய மலாயும் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறின.

"கோசோங் புள்ளி ஒன்று" என்றார் டாக்டர்.

கோசோங் என்றால் பூஜ்யம். அந்தச் சொல்லை ஷர்மினி தினமும் சாப்பாட்டுக் கடையில் சொல்லுவாள், சீனி போடாத தேநீருக்கு. அதை இப்படி ஒரு நாள் கேட்க நேரும் என்று அவள் நினைத்ததில்லை.

"உங்கள் வயதுக்கு இரண்டு, மூன்று என்று இருந்திருக்க வேண்டும். முட்டைப்பையைத் தூண்டும் மற்ற ஹார்மோன் நாற்பத்தெட்டு, பத்துக்குள் இருக்க வேண்டியது. இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்திருக்கிறது. முட்டைப்பை வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது. சொந்த முட்டையில் பிள்ளை பிறக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். மிகவும் குறைவு."

டாக்டர் எலும்பைப் பற்றியும் இதயத்தைப் பற்றியும் சொன்னார். ஐம்பது வயது வரைக்குமாவது ஹார்மோன் மாத்திரை எடுக்க வேண்டும் என்றார். வேறொரு பெண்ணின் முட்டையைப் பெற்றுக் கருத்தரிக்கும் வழியைப் பற்றியும் சொன்னார். பிறகு கேட்டார்: "அம்மாவுக்கு எந்த வயதில் நின்றது?"

"தெரியாது. எங்கள் வீட்டில் அதெல்லாம் பேசமாட்டோம்."

"கூடப் பிறந்தவர்கள்?"

"ஒரு அக்கா. முப்பத்தொன்பது வயது. பிள்ளை இல்லை. ஆனால் குறை அவள் கணவருக்குத்தான், அவளுக்கு இல்லை."

"அவர் இந்தச் சோதனை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும்."

கிளினிக்கின் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடியே ஷர்மினி அக்காவை அழைத்தாள். அக்கா தினேஸ்வரி புந்தோங்கில் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். அம்மா ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டப் போய்விட, ஷர்மினிக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவள் அவள்தான். அதனால் இந்தச் செய்தியைத் தர்மாவுக்கு முன்னால் அவளிடம் சொல்ல ஷர்மினிக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"அழாத. எங்க இருக்க? நான் வரட்டா?"

"வேணாம்க்கா. ஒன்னு மட்டும் சொல்லு. நீ இந்த டெஸ்ட் எடுத்திருக்கியா? டாக்டர் கேக்குறாங்க."

"நானா? நான் எதுக்கு எடுக்கணும்? சாக்கிட்டு, கொறை எல்லாம் ஒங்க மாமாவுக்குத்தானே" என்றாள் தினேஸ்வரி.

மறுநாள் மத்தியானம் கனகராஜ் மாமா பயிற்சித் திடலுக்கே வந்துவிட்டார். தினேஸ்வரியின் கணவர். தொலைபேசிக் கம்பி பழுதுபார்க்கும் வேலை, அதிகம் பேசாத மனிதர். நாலு வருடமாகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அவரை யாராவது ஒருவர் சீண்டாமல் விட்டதில்லை. அவர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டோடு வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுவார். ஷர்மினியும் மனசுக்குள் அவரைப் பாவம் என்று நினைத்ததுண்டு, அக்காவை அதைவிடப் பாவம் என்று.

அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சட்டைக்குள்ளிருந்து ஒரு நீள உறையை எடுத்து நீட்டினார். பினாங்கில் இருந்த ஒரு மருத்துவமனையின் முத்திரை அதன் மூலையில் இருந்தது. நடுவில் கையெழுத்தில், ஷர்மினி, இராமசாமியின் மகள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. உறை ஒட்டியபடியே இருந்தது.

"இது என்ன மாமா?"

"நேத்து நீ போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். டெஸ்ட் எடுக்கலைன்னு அவ சொன்னது காதுல விழுந்துச்சு." அவர் திடலில் பின்னோக்கி வந்துகொண்டிருந்த ஒரு காரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எடுத்திருக்கா. நாலு வருசத்துக்கு முன்ன. கொறை எனக்கு இல்லம்மா. அவளுக்குத்தான். நாலு பேரு அவளைப் பேசுறதுக்கு என்னையப் பேசிட்டுப் போகட்டும்னு நான்தான் சொன்னேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள. ஆனா இந்த சுராட், இந்தக் கடுதாசி, உனக்கு வந்தது. டாக்டர் தங்கச்சிக்குக் குடுங்கன்னு தனியா எழுதிக் குடுத்தாரு. குடுத்திட்டியான்னு அப்பவே கேட்டேன். குடுத்திட்டேன், அவளுக்கு ஒன்னும் இல்லையாம்னு சொன்னா. நேத்து அவ அலமாரியில, பட்டுச் சேலைக்கு அடியில இருந்து எடுத்தேன்."

அத்தோடு அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஷர்மினி காருக்குள் போய் உறையைக் கிழித்தாள். ஒரே பக்கக் கடிதம். உங்கள் சகோதரிக்கு முட்டைப்பையைச் சீக்கிரம் ஓயவைக்கும் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடாமல் இந்த ஹார்மோன் சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் கருமுட்டைகளை உறையவைத்துப் பாதுகாக்கவும் வழி இருக்கிறது. கீழே டாக்டரின் கையெழுத்து, தேதி. அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு மாதம் முந்திய தேதி. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது.

அவள் கடிதத்தை மூன்று முறை படித்தாள். பிறகு இரண்டு மணி பயிற்சியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புந்தோங்குக்கு ஓட்டினாள்.

தினேஸ்வரி வாசல் அறையில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கை கையிலிருந்த உறையைப் பார்த்ததும் மிஷினிலிருந்து கையை எடுத்தாள்.

"உன் கல்யாணம் நின்னு போயிருக்கும்டி" என்றாள், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. "தர்மா வீட்டுல தெரிஞ்சா விட்டிருப்பாங்களா?"

"எனக்குத் தெரியணுமா இல்லையா? அவங்ககிட்ட சொல்றதா வேணாமான்னு நான் பாத்திருப்பேன்ல?"

"நீ வாயில எதுவும் நிக்காதவ. அம்மாகிட்ட சொல்லுவ. அப்பறம் எனக்குத்தான் கொறைன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்."

"சரி. கல்யாணத்துக்கு முன்ன சொல்லல. அப்பறம்?"

தினேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்து இல்லாத நூலை வெட்டினாள்.

"இதே எடத்துல ஒக்காந்துதான் சொன்னேன்" என்றாள் ஷர்மினி. "ரெண்டு வருசம் போகட்டும்க்கா, வீட்டு வேலை முடியட்டும், அப்பறம் புள்ள பெத்துக்கலாம்னு. நீ என்ன சொன்ன? அவசரம் என்னடி, சின்ன வயசுதானேன்னு சொன்ன. நீதான் சொன்ன."

"சொல்ல வந்தேன். சத்தியமா வாய் வரைக்கும் வந்துச்சு."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை விசேஷத்துக்குத் தைக்கக் கொடுத்த ரவிக்கை. தினேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சிரித்தபடி அவரை உள்ளே அழைத்து, ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, தோளில் ஒரு தையலைப் பிரித்துச் சரிசெய்து கொடுத்தாள். கால் மணி நேரம் ஆனது. ஷர்மினி நாற்காலியில் உறையோடு உட்கார்ந்து அக்காவின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் சின்ன வயதிலிருந்து பார்த்துவந்த சிரிப்புத்தான். அதில் எந்த வித்தியாசமும் இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

வாடிக்கையாளர் போனதும் தினேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள்.

"நீ சிரிச்சிக்கிட்டே சொன்ன" என்றாள். குரல் மாறியிருந்தது. "ரெண்டு வருசம் போகட்டும், புள்ள எங்க ஓடப் போகுதுன்னு. கடையில இருக்கற சாமான் மாதிரி சொன்ன. எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சிச்சு ஷர்மினி. நான் மட்டும் ஏன்னு தோணிச்சு. ஒரு நாள்தான் அப்படி நெனச்சேன். மறுநாள் சொல்லிடலாம்னு இருந்தேன். மறுநாள் வந்தா, நேத்து ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு பயம் வந்துடிச்சு. அப்பறம் ஒரு வாரம் ஆயிடிச்சு. ஒரு வருசம் ஆயிடிச்சு. அதுக்கப்பறம் எப்படி சொல்றது?"

ஷர்மினி அவளை அடிக்கப் போவதுபோல எழுந்தாள். ஆனால் செருப்பைத்தான் தேடினாள். ஒரு செருப்பு மேசைக்கு அடியில் போயிருந்தது. அதைக் குனிந்து எடுக்கும்போது அக்கா பின்னால் நின்று, "நாலு வருசத்துக்கு முன்ன உனக்கும் முட்டை கம்மியாத்தான் இருந்திருக்குமோ என்னவோ" என்று முணுமுணுத்தாள்.

"இருந்திருக்கலாம். அது எனக்கு இனிமே தெரியவே தெரியாது" என்றாள் ஷர்மினி. "அதையும் நீ எடுத்துக்கிட்ட."

அன்று சாயங்காலம் தர்மா பெர்ச்சாமில் அவர்கள் வீட்டுச் சமையல் மேடைமேல் கடிதத்தை வைத்துப் படித்தான். தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. முதலில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாத்திரை எப்போது தொடங்க வேண்டும், வலிக்குமா என்றெல்லாம் கேட்டான். பிறகு அவன் கண் மறுபடி கடிதத்துக்குப் போனது.

"நம்ம நிச்சயத்துக்கு முந்தின தேதி" என்றான்.

"ஆமா."

"உனக்குத் தெரியாதுல்ல?"

ஷர்மினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஒட்டின உறைங்க. இன்னிக்குத்தான் கிழிச்சேன்."

"நீ கிழிச்சதை நான் பாக்கலையே" என்றான் தர்மா.

சொன்ன மறுகணமே அவன் முகம் சுருங்கிவிட்டது. இல்ல, அந்த அர்த்தத்துல சொல்லல என்றான். கனகராஜ் மாமாவைக் கேட்கவேண்டிய அவசியமில்லை என்றும் சொன்னான். ஆனால் இரண்டு நாள் கழித்து அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தான் என்பது ஷர்மினிக்குப் பின்னால் தெரிந்தது. தர்மாவின் அம்மா அதுகூடக் கேட்கவில்லை. தெரிஞ்சே தலையில கட்டிட்டாங்க என்று பாரிட் புந்தாரிலிருந்து தொலைபேசியில் அழுதார். தான் ஏமாற்றப்பட்டவள் என்று சொல்லவந்த இடத்தில் தானே ஏமாற்றுக்காரியாக நிற்க வேண்டியிருந்ததை ஷர்மினியால் தாங்க முடியவில்லை. தர்மா மன்னிப்புக் கேட்டான், ஒரு முறை அல்ல, பல முறை. அவள் சரி என்றாள். 'நான் பாக்கலையே' என்ற அந்த ஒரு வாக்கியம் மட்டும் சமையலறையிலேயே இருந்துகொண்டிருந்தது.

கடிதத்தில் அவள் முதலில் சரியாகக் கவனிக்காத ஒரு வரி இருந்தது. தாய்வழிச் சொந்தத்தில் வேறு பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள் என்று. அம்மாவின் தங்கைக்குத் தெலுக் இந்தானில் ஒரு மகள் இருந்தாள். கோமளா, இருபத்தைந்து வயது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஷர்மினி தனியாகத் தெலுக் இந்தானுக்குப் போனாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேர ஓட்டம். போகும் வழியெல்லாம் அக்காவின் நியாயங்கள் அவளுக்குத் தாமாகவே தோன்றின. கல்யாணம் நின்றுவிடும். ஊர் பேசும். இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது எதற்கு? அப்படித் தோன்றியதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சின்னம்மா கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. "அடுத்த மாசம் பாக்க வாராங்க. இப்ப வந்து இதைச் சொல்ற. உனக்கு ஒன்னு இல்லைன்னா எம்புள்ளைக்கும் இருக்கக் கூடாதா?" என்றாள்.

ஷர்மினி கண்ணீரை அடக்கிக்கொண்டு வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தாள். கோமளா வெறுங்காலோடு பின்னாலேயே ஓடிவந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், இந்தப் பெயர்களெல்லாம் அவளுக்குப் புதிது இல்லை.

"அக்கா, அந்த டெஸ்டு பேரு மட்டும் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

கோமளாவுக்கு வந்த எண் ஒன்று புள்ளி மூன்று. வயதுக்குக் குறைவுதான், ஆனால் இன்னும் நேரம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் அவளே அதைச் சொன்னாள். அவர்கள் வேறு காரணம் சொல்லி விலகிவிட்டார்கள். கோமளா கருமுட்டைகளை உறையவைக்க ஏற்பாடு செய்துகொண்டாள். சின்னம்மா அதன் பிறகு ஷர்மினியோடு பேசுவதில்லை.

தீபாவளிக்கு இரண்டு மகள்களும் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். அம்மா காளியம்மா இருப்பது கோலா கங்சார் போகும் வழியில். முன்பு அவள் ரப்பர் மரம் வெட்டிய தோட்டம் இப்போது பாதி செம்பனையாகவும் பாதி வரிசை வீடுகளாகவும் ஆகிவிட்டது. அந்த வீடுகளில் ஒன்று அவளுடையது. அக்காவும் தங்கையும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்று அவளுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. கோமளாவின் பெயர் கெடும் என்று சின்னம்மா மறைத்துவிட்டாள், தர்மா தன் அம்மாவையும் பேசவிடவில்லை.

சமையலறையில் மூன்று பெண்களும் இருந்தார்கள். கனகராஜும் தர்மாவும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மா முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டே, "பெரிய மாப்பிள்ளைக்கு முதல்ல குடுக்காத. சாமியும் அவருக்கு ஒன்னும் குடுக்கல, நாம எதுக்குக் குடுக்கணும்" என்று வழக்கமான கேலியைச் சொன்னாள்.

ஷர்மினி அக்காவைப் பார்த்தாள். தினேஸ்வரி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். ஷர்மினி காத்திருந்தாள். எண்ணெய் காய்ந்து புகை வரும் வரைக்கும் காத்திருந்தாள்.

"மாமா மேல தப்பு இல்லம்மா" என்றாள் ஷர்மினி. "அக்காவுக்குத்தான். எனக்கும்தான். எங்க ரெண்டு பேருக்கும் சீக்கிரமே நின்னு போச்சு."

தினேஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போனாள்.

காளியம்மா தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்கு முப்பத்தெட்டுல நின்னிச்சு" என்றாள். "தோட்டத்துல புல்லுக்கு மருந்து அடிச்சேன்ல, முதுகுல டப்பா மாட்டிக்கிட்டு. அதனாலதான்னு நெனச்சிக்கிட்டேன். மருந்து அடிச்ச பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான் நெனச்சோம். ஒங்களுக்கு வரும்னு எனக்கு எப்படிமா தெரியும்?"

"தெரியாதும்மா. ஒனக்குத் தெரியாது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் ஷர்மினி. அம்மாமேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. தெரியாமல் இருந்தவளுக்கும் தெரிந்து வைத்திருந்தவளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது.

சன்னல் வழியாகப் பார்த்தால் தினேஸ்வரி பின்பக்கக் கழிவுநீர்க் கால்வாய் ஓரம் நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் என்றால் ஷர்மினி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள். கால்கள் அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்துவைக்கக்கூடச் செய்தன. அவள் நின்றாள். முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய்க் கனகராஜ் மாமாவிடம் முதலில் நீட்டினாள்.

உள்ளே பேசியது அவருக்குக் கேட்டிருந்தது. ஒரு முறுக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாரே தவிர, சாப்பிடவில்லை.

"சொல்லியிருக்க வேணாம்மா" என்றார்.

"சொல்லணும் மாமா" என்று அவர் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் ஷர்மினி உட்கார்ந்தாள்.